வீட்டைப் போத்திக்கிட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? மாடிப்படி ஏறாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்க. கைப்பிடியையாவது பிடிச்சுக்கிட்டு ஏறுங்க.

இங்க ஒரு சின்னக் கூத்து நடந்துச்சு, பயப்படாதீங்க. நம்ம வீட்டை ஈடு வச்சு, வேணுங்கிறப்போ எடுத்துக்கிற மாதிரி பேங்க்ல ஒரு கடன் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தீங்களே, "உயிர் போற அவசரம்னா மட்டும் தொடு"ன்னு சொல்லி. அந்தக் கடனுக்குக் கொடுத்த கார்டும் என் சம்பளக் கார்டும் ஒரே நீலம். குளிர் தாங்காம கோட்டு வாங்கப் போன இடத்துல மாத்தித் தேய்ச்சுட்டேன். சம்பளம் வந்ததும் கட்டிடுவேன். லாண்டரியில கூட வேலை செய்ற அக்கா, "வீட்டையே போத்திக்கிட்டு வந்திருக்கியே"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

கோட்டு நல்ல கதகதப்பு. கதவுக்குப் பின்னாடி மாட்டினா யாரோ நிக்கிற மாதிரி இருக்குன்னு மடிச்சுக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். வாங்கின நாள்லேர்ந்து ஒரே கனவு. நான் வீட்டுக்கு வர்றேன். அம்மா சாகுற வரைக்கும் படுத்திருந்த பின்ரூமுக்குக் கதவே இல்ல, வெறும் சுவரு. உள்ளேர்ந்து அம்மா, "யாரு வந்திருக்கிறது?"ன்னு கேக்குறாங்க. நான் சொல்றது அவங்களுக்குக் கேக்கல.

யாராவது இந்தப் பக்கம் வந்தா என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்க. இங்க இருக்கிறதுல கனமே இல்ல.

ஷிப்டுக்கு நேரமாச்சு. பின்ரூம் கதவைத் திறந்து, அப்படியே திறந்தே வையுங்க அப்பா.

உங்க மகள்