நாலாம் நம்பர் காற்று

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் அதே கதை. காரில் ஃபேன் ஒன்று, இரண்டு, மூன்றில் அசையவே இல்லை. நாலில் மட்டும் ஓடுகிறது. ஓடுகிறது என்றா சொல்வது? புயல். அதுவும் சுடுகாற்று. குமிழை நீலப் பக்கம் திருப்பினாலும் சரி, சிவப்புப் பக்கம் திருப்பினாலும் சரி, இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவிதான்.

காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கிற பொம்மசந்திரா ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். இவருக்கு பைபாஸ் ஆகி எட்டு வாரம். செவ்வாயும் வெள்ளியும் அங்கே உடற்பயிற்சி. மூன்று மாதம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்தான் ஓட்டுகிறேன். இவர் பின் சீட்டில், இடது ஜன்னலோரம். பொதுப்பணித் துறையில் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியராக இருந்தபோது ஆபீஸ் ஜீப்பில் உட்கார்ந்த அதே இடம்.

“பாமா, இண்டிகேட்டர்.”

“போட்டாச்சு.”

“பாமா, லாரி.”

“பார்த்தாச்சு.”

முப்பத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் இவ்வளவு ஒழுங்காக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மடிவாளா சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன்க்கா அழறீங்க? பின்னாடி சார் திட்டினாரா?” என்றார்.

“வேர்வைங்க.”

அவர் நம்பவில்லை. பின் சீட்டில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்மூடி இருந்தவரை முறைத்துவிட்டுத்தான் போனார்.

வரும் வழியில் ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டுமாம், பத்து நாள் வண்டியை விட வேண்டுமாம். “பதினோரு வருஷ வண்டிம்மா” என்று மெக்கானிக் அதன் பானட்டைத் தட்டினார், சாவு வீட்டில் தோளைத் தட்டுகிற மாதிரி.

மார்ச் 15, சனி

யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதலாம். எனக்கு வண்டி ஓட்டப் பிடித்திருக்கிறது.

லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம். இவர் ஊரில் இல்லாத நாட்களில் மட்டும் மார்க்கெட் வரை ஓட்டியிருக்கிறேன். இப்போது இரண்டு மாதமாகச் சாவி என் கைப்பையில் இருக்கிறது. மேம்பாலத்தில் ஏறும்போது — வேர்த்து ஊற்றுகிறது, புடவை முதுகில் ஒட்டுகிறது — இருந்தாலும் ஏதோ ஒன்று. என்ன அது? தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

மோசமான நாள்.

ஹோசூர் ரோடில் திடீர் மழை. ஜன்னலை ஏற்றினோம். இரண்டே நிமிஷத்தில் முன் கண்ணாடி முழுக்கப் புகைந்துபோயிற்று. ஃபேனைப் போட்டால் கண்ணாடி தெளிகிறது, ஆனால் உள்ளே வேகிறோம். அணைத்தால் குளிர்கிறது, எதிரே பஸ் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா தெரியவில்லை. போடு, அணை, போடு, அணை என்று இருபது நிமிஷம். பின்னாலிருந்து “இண்டிகேட்டர்” வரவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

ஓரங்கட்டினேன். நாலு கதவையும் மழையில் திறந்து விட்டேன். ஐயோ, என்னன்னா, என்ன பண்றது சொல்லுங்கோ என்று கத்தினேன். கண்ணைத் திறந்து, “ஹஸார்ட் லைட் போடு” என்றார். உயிர் இருக்கிறது என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், இன்றைக்குப் பயிற்சி வேண்டாம், வெயிலில் ஓடி வந்தீர்களா என்று கேட்டாள். மழையில் வந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 22, சனி

இவர் போனில் பேசியது சமையலறை வரை கேட்டது. “ஆமா கோவிந்தராஜன், கொடுத்துடலாம்னு இருக்கேன். உகாதி அன்னிக்கு வந்து பாருங்கோ, நல்ல நாள்.”

கோவிந்தராஜன் இவர் ஆபீஸில் இவருக்குக் கீழே இருந்த இன்ஜினியர். மருமகளுக்குப் பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறார்.

“இனிமே டாக்ஸியில போயிக்கலாம்” என்றார் என்னிடம். “உனக்கும் சிரமம்.”

எனக்குச் சிரமம் என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் நேற்று அந்த முகத்தைப் பார்த்த பிறகு எதிர்த்துப் பேச எனக்கு என்ன தைரியம் இருக்கிறது? சரி என்றேன். ரசத்தில் உப்பு இரண்டு முறை போட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

புனேயிலிருந்து எங்கள் பெண் ரக்‌ஷா கூப்பிட்டாள். எல்லாம் சொன்னேன். பல் டாக்டர், அவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தால், “அம்மா, சூடு குறைக்கற குமிழ் எப்படிச் சுத்தறது? டைட்டா, லூஸா?” என்று கேட்டாள்.

“லூஸா. பொம்மைக் கார் மாதிரி.”

“அப்போ உள்ளே கேபிள் கழண்டிருக்கும். என் வண்டியிலயும் ஆச்சு. க்ளவ் பாக்ஸைக் கழட்டினா தெரியும். நீ மிக்ஸியே பிரிச்சு மாட்டறவ, இது என்ன பெரிசு?”

மூன்று வீடியோ அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் ஓர் ஆள் பேசுவது ரஷ்ய மொழி. ஆனால் கை தெளிவாகத் தெரிகிறது.

உகாதிக்கு ஒரு வாரம் இருக்கிறது. ரிப்பேர் ஆனால் விற்க மாட்டாரா? அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லை. எதற்கும் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்து வைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

கீழே பார்க்கிங்கில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். இவருக்குத் தெரியாமல்தான். பத்தேகாலுக்கு பிளாஸ்டிக் நாற்காலியோடு வாட்ச்மேன் வந்தார், பின்னாலேயே இவர்.

“டிராயிங் எங்கே?”

“டிராயிங் எல்லாம் இல்லை.”

“டிராயிங் இல்லாம எப்படி வேலை ஆரம்பிக்கறே?”

உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் பாலம் கட்டினவர், வீட்டில் இதுவரை ஒரு ஆணி அடித்ததில்லை. ஆனால் சூப்பர்விஷன் என்றால் மனுஷனுக்கு நிறம் திரும்பிவிடுகிறது.

க்ளவ் பாக்ஸில் இருந்தவை: ஐந்து கோவில் குங்குமப் பொட்டலங்கள், 2016-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ், ஓர் உருகிய மிட்டாய், நான்தான் தொலைத்துவிட்டேன் என்று என்னை ஒரு வருஷம் திட்டின அவருடைய குளிர்கண்ணாடி. அதை மட்டும் கை நீட்டி வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஸ்க்ரூ ஆறு. ஊறுகாய் ஜாடி மூடியில் போட்டு வைத்தேன். உள்ளே காற்று வடிகட்டுகிற ஃபில்டர் இருக்கும், உருவினால் வரும் என்று ரஷ்யன் காட்டியிருந்தான். உருவினேன். ஃபில்டரா அது? எங்கள் தெருப் புங்க மரத்தின் பூ, சருகு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. தட்டினேன். காற்று என் பக்கம் அடித்தது, தூசியெல்லாம் என் தலையில்.

மாடி வீட்டு வீணா ஆபீஸ் கிளம்பி வந்தவள் நின்று, “ஆன்ட்டி, என்ன இது, ஹேர் டையா?” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

க்ளவ் பாக்ஸ் இல்லாமலே பொம்மசந்திரா போய் வந்தோம். ஜன்னல்களை இறக்கி, ஃபேனையே போடாமல், வெயில் ஏறும் முன் ஆறு மணிக்கே கிளம்பி. மூன்று முறை கேட்டார்: “அந்த ஆறு ஸ்க்ரூவும் பத்திரமா இருக்கா?”

ஐந்துதான் இருக்கிறது. சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஃபேனுக்கு வேகம் மாற்றுகிற சின்ன சில்லு ஒன்று, ரெசிஸ்டர் என்று பெயர், அது எரிந்து கறுப்பாக இருந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு, கார் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோடு போனேன். எட்டுக் கடை ஏறி இறங்கினேன். எட்டாவது கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “மெக்கானிக்குக்கு போன் போட்டுக் கொடுங்கம்மா, மாடல் கேக்கணும்” என்றார்.

“நான்தான் மெக்கானிக். கேளுங்கோ.”

 ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மத்தியானமே மாட்டினேன். ஒன்று. தென்றல். இரண்டு. மூன்று. எல்லாம் ஓடுகிறது! பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் மணி நேரம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“கான்டாக்ட் லூஸா இருந்திருக்கும்” என்றார் இவர்.

சூடு மட்டும் அப்படியே. இப்போது எந்த வேகத்தில் வேகலாம் என்று நாமே தீர்மானித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மார்ச் 29, சனி

கேபிள் கழன்றிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். ரக்‌ஷா காலேஜ் நாளில் விட்டுப் போன, வாய்க்குள் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். கம்பி ஒரு பக்கம் தொங்குகிறது. அது மாட்டியிருக்க வேண்டிய நெம்புகோல் ஒரு சாண் தள்ளி, ஓர் இரும்புப் பட்டைக்குப் பின்னால். கண்ணுக்குத் தெரிகிறது, கை போகவில்லை. வளையலைக் கழற்றினேன். போகவில்லை. சோப்புத் தடவினேன். போகவில்லை. புறங்கை சிராய்த்ததுதான் மிச்சம்.

நாளைக்குக் கோவிந்தராஜன் வருகிறார்.

விடு பாமா. டாக்ஸியில் ஏ.சி. இருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு. உகாதி

எங்கே ஆரம்பிப்பது?

எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஒன்பது மணிக்கு க்ளவ் பாக்ஸைத் திரும்ப மாட்டலாம் என்று கீழே போனேன். இவரும் வந்தார். என் புறங்கையைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“என் கையைப் போட்டுப் பார்க்கறேன்.”

“உங்க கை என்னைவிடப் பெரிசுன்னா.”

“பெரிசா இருந்தது” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக மாத்திரை கொடுக்கிறேன், கஞ்சி கொடுக்கிறேன், இந்தக் கையைப் பார்க்கவே இல்லையா நான்?

கை உள்ளே போயிற்று. நான் பல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இடது, இன்னும் இடது, மேலே, என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் சொல்ல இவர் செய்தார். டக் என்று ஒரு சத்தம்.

“மாட்டியாச்சு!” என்றார். குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. “பாமா, கை வரல.”

இழுத்தார். வரவில்லை. “நெஞ்சை இழுக்காதீங்கோ, ஆபரேஷன் பண்ணின இடம்!” என்று அலறினேன். குளியலறையிலிருந்து நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து ஊற்றினேன். எண்ணெய் வேட்டியில் வழிந்தது, கை வரவில்லை. தட்டில் ஒப்பட்டு, நம் போளிதான், எடுத்துக்கொண்டு உகாதி வாழ்த்துச் சொல்ல வந்த வீணா, தட்டை பானட்டில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோவிந்தராஜன் பட்டு வேட்டியில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். டேஷ்போர்டுக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டு எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த தன் பழைய அதிகாரியைப் பார்த்தார்.

“சார்... வண்டியை மட்டும்தானே கொடுக்கறீங்க?”

“வாங்கோ கோவிந்தராஜன், உட்காருங்கோ” என்றார் இவர், ஆபீஸ் குரலில். உட்கார அங்கே ஒன்றுமில்லை.

வீணாதான் கேட்டாள்: “அங்கிள் வாட்ச் கட்டியிருக்காங்களா?”

கட்டியிருந்தார். இரண்டு இன்ஜினியர்கள், ஒரு மெக்கானிக். யாருக்கும் தோன்றவில்லை. நான் இரண்டு விரலை விட்டுத் தடவிப் பட்டையின் கொக்கியை விடுவித்தேன். கை வழுக்கிக்கொண்டு வந்தது. கடிகாரம் ஃபில்டர் இருந்த பள்ளத்தில் விழுந்தது. சமையலறை இடுக்கியால் எடுத்தேன்.

வண்டியைக் கிளப்பி ஏ.சி. போட்டேன். குமிழை நீலத்துக்குத் திருப்பினேன். இந்த முறை கையில் ஒரு இழுவை தெரிந்தது. முதலில் வெதுவெதுப்பு. பிறகு — ஜில்லென்று! வீணா கை தட்டினாள். இவர் காற்று வரும் துவாரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை.

வந்தது வினை. கோவிந்தராஜனும் முகத்தை வைத்துப் பார்த்தார். “பிரமாதம் சார். இன்னிக்கே எடுத்துக்கறேன். நல்ல நாள்னு நீங்களே சொன்னீங்க.”

நான் ஊறுகாய் மூடியிலிருந்த ஸ்க்ரூக்களை எண்ணினேன். ஐந்து. மறுபடியும் எண்ணினேன்.

“இல்லை கோவிந்தராஜன்” என்றார் இவர். “இன்னும் டெஸ்டிங் முடியல.”

“எப்போ சார் முடியும்?”

“அதை எப்படிச் சொல்ல முடியும்? நம்ம டிபார்ட்மென்ட் வேலை உங்களுக்குத் தெரியாதா?”

கோவிந்தராஜனுக்குத் தெரியும். ஒப்பட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இரண்டாம் நம்பர் காற்றில் பொம்மசந்திரா. முன் சீட்டில் உட்கார்ந்தார். “துவாரம் இங்கேதானே இருக்கு” என்று காரணம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

நர்ஸ் பிரஷர் நார்மல் என்றாள்.

ஏப்ரல் 5, சனி

வீணா தன் வண்டியில் ஏதோ நாற்றம் வருகிறது, பார்க்க முடியுமா என்று கேட்டாள். பார்த்தேன். ஃபில்டர்தான். இவர் நாற்காலி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெள்ளியோடு பயிற்சி முடிகிறது. வரும் வழியில், அடுத்த வாரம் மைசூர் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமா என்று கேட்டார்.

“அவ்வளவு தூரம் நான் ஓட்டினதில்லையே.”

“போனாத்தானே பழகும்.”

“மூணு மாசம் தாண்டியாச்சே, பாதி தூரம் நீங்க ஓட்டலாமே?”

“டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லலை” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பேப்பர் படிக்கக் கண்ணாடி கேட்டார். அதன் கூட்டைத் திறந்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு சீட்டு. ஏப்ரல் எட்டாம் தேதி, டாக்டரின் கையெழுத்து. நான் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது இவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாள். மருந்து இரண்டு குறைத்திருக்கிறார். கீழே ஒரு வரி: கார் ஓட்டலாம்.

மடிப்பு மாறாமல் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.