அத்தை வாங்கிக் கொடுத்த ஆறரை மணி

ஞாயிறு, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் பால்கோவா வாங்கப் போன கடையில் எங்கள் மேனேஜர் தன் மனைவியோடு நின்றிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு நான் நகர்ந்திருப்பேன். என் மாமியார் விடவில்லை.

"ஏன் தம்பி, மில்லுல எம்புட்டு வேல இருந்தாலும் பொம்பளப் பிள்ளைய இப்படியா உக்கார வைப்பிய? தினமும் எம் மருமக வீடு வந்து சேர ஏழரை ஆகுது."

"அம்மா, ஆபீஸ் அஞ்சரைக்கே..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "சரிங்கம்மா, இனிமே நேரத்தோட அனுப்பிருதேன்" என்று முடித்துக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்கெல்லாம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். வீட்டுக்குப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்களைப் போகவிட்டு, ஒரு மணி நேரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். சொன்னால் யார் நம்புவார்கள்? நாளை மேனேஜர் முகத்தில் எப்படி விழிப்பேன்? என் கணவரும் அந்தக் கடையில்தான் பார்சல் கட்டுவதைப் பார்த்தபடி நின்றார். காதில் விழுந்ததா தெரியவில்லை.

அத்தைக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாட்டி, ஒரு வார்த்த கேட்டதும் மனுசன் எப்படி அடங்கிட்டாரு! நீ வாயில்லாப் பூச்சி. நாளைக்கு ஆறரைக்கு வந்துருவேல்ல? சூடா உளுந்த வட சுட்டு வைக்கேன்."

சரி அத்தை என்றேன். அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது. இப்போதே உளுந்தை அளந்து வைக்கிறார்.