பன்னிரண்டு குழி மெஷின்

14 ஜூலை 2024, ஞாயிறு

மெஷின் வந்துவிட்டது. ரோஸ் நிறம். மூடியைத் திறந்தால் பன்னிரண்டு குழி. பணியாரச் சட்டி மேல் இன்னொரு பணியாரச் சட்டியைக் கவிழ்த்து வயரைக் கோத்து விட்ட மாதிரி இருக்கிறது. இவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பணியாரச் சட்டிதான் வீட்ல ரெண்டு கெடக்கே."

"இது கேக் பாப்புக்கு. உருண்டையா வரும். குச்சியில குத்தி சாக்லேட்ல முக்கணும்."

"முக்கி?"

"காய வைக்கணும்."

"அப்ப கம்பி மத்தாப்புன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு நாரணாபுரத்தில் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும். சீசன் வந்துவிட்டால் இவருக்குக் கிழமை ஏது?

யாருக்கு இதெல்லாம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தத்தெடுக்கப் பதிந்து நாலு வருஷம் ஓடிவிட்டது. ஆறு வயதுக்குள் ஒரு பெண் பிள்ளை என்று கேட்டிருக்கிறோம். வரிசை நகர்கிறது, பொறுங்கள் என்கிறார்கள் சூலக்கரை ஆபீசில். பொறுக்கிறேன். பிள்ளை வந்து நிற்கும்போது ஒரு கேக் கூடச் செய்யத் தெரியாத அம்மாவாக நான் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

17 ஜூலை

குழி நிறைய மாவை ஊற்றிவிட்டேன். மூடியைத் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் வழிந்தது. வந்ததில் ஒன்று கூட உருண்டை இல்லை, எல்லாம் தொப்பி போட்டிருந்தன. முக்கால் குழிதான் ஊற்ற வேண்டுமாம். படித்துவிட்டு ஊற்றியிருக்கலாம், எனக்கு எங்கே பொறுமை?

21 ஜூலை, ஞாயிறு

இன்று கோலிக்குண்டு போல வந்தன. குச்சி நுனியைச் சாக்லேட்டில் தொட்டுக் குத்தினால் உருண்டை நழுவுவதில்லை. பன்னிரண்டையும் முக்கித் தட்டில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் தட்டைக் காணோம்.

இவர் மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துவிட்டார். இருபது வருஷமாக மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்கிக் காய வைக்கிற மனுஷன். குச்சியோடு ஈரமாக எதைக் கண்டாலும் கால் தானாக வெயிலைத் தேடிப் போகும் போல. நான் மாடி ஏறுவதற்குள் சாக்லேட் உருகித் தட்டெல்லாம் குளமாகிவிட்டது. பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்றேன்.

"முக்கினதைக் குளிர்லயா காய வைப்பாக?" உண்மையாகவே கேட்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாள் ஆயிற்று. மாடியிலேயே உட்கார்ந்து தட்டை வழித்துத் தின்றோம்.

4 ஆகஸ்ட்

இவருடைய அண்ணன் மனைவி யோகேஸ்வரி அக்கா வந்திருந்தாள். தட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டு?" என்று தொடங்கி, வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தாள். இந்தக் குடும்பத்தில் பிள்ளை இல்லாதவர்கள் அண்ணன் தம்பி பிள்ளை ஒன்றைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வதுதான் பழக்கம். கம்பெனியும் வெளியே போகாது, ரத்தமும் ஒன்று. "எங்க சின்னவனை எடுத்துக்கிடு. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"அவனுக்குத்தான் நீங்க இருக்கீகளே அக்கா."

அக்கா முகம் மாறிவிட்டது. நான் குத்தலாகச் சொல்லவில்லை. அம்மா உள்ள பிள்ளைக்கு நான் எதற்கு? இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தட்டில் இருந்த ஒரு குச்சியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

22 ஆகஸ்ட்

தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். தின்று முடித்து, குச்சியை என் கையிலேயே கொடுத்துவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

13 செப்டம்பர், வெள்ளி

போச்சு.

சூலக்கரையிலிருந்து பாண்டிலட்சுமி மேடம் போன் பண்ணினார். எங்கள் பைலை முதலிலிருந்து பார்ப்பவர். "ஏம்மா, உங்களுக்குப் பிள்ளை காட்டியிருந்தாகளே, ஏன் ரிசர்வ் பண்ணலை? டைம் முடிஞ்சிருச்சே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையின் போட்டோவும் விவரமும் நமக்கு வரும், இரண்டு நாள் திறந்திருக்கும், அதற்குள் சம்மதம் சொல்லாவிட்டால் பிள்ளை வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விடும். அது தெரியும். ஆனால் எங்களுக்கு வந்தது எனக்குத் தெரியாதே. பதிந்த நம்பர் இவருடையது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முதலாளி ஆனாலும் கேட் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் போடுகிற போன் இருட்டின பிறகுதான் கைக்கு வரும்.

சாயந்திரம் வந்ததும் கேட்டேன். "போனு பெட்டியில கெடந்துச்சு சொர்ணம். சீசன்லா" என்றார். சீசனாம். கொள்ளையில போற சீசன். நாலு வருஷமா ஒரு மெசேஜுக்குக் காத்துக் கெடந்தேனே, அது வந்து பெட்டிக்குள்ள கெடந்து செத்துப் போச்சே. என் நம்பரைக் கொடுத்திருந்தா என்னவாம்? ஆம்பளை நம்பர்தான் கொடுக்கணுமா எல்லாத்துக்கும்?

15 செப்டம்பர்

பெண் பிள்ளை, நாலு வயது. மேடம் அவ்வளவுதான் சொன்னார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. தெரியாத முகத்தை எப்படி நினைத்து அழுவது என்று கூட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அழுகை வருகிறது.

2 அக்டோபர்

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துப் பார்க்கிறவர்தானே இவர்? வடக்கே இருந்து டீலர் ஆர்டர் அனுப்பினால் கை கழுவாமலே பதில் போடுகிறார். அந்த இரண்டு நாளும் பார்க்கவில்லையா? — பார்க்கவில்லையா, பார்க்க மனசில்லையா?

சீ. அப்படி நினைக்கக் கூடாது.

31 அக்டோபர்

தீபாவளி. கம்பெனி லீவு. இவர் மத்தியானம் வரை தூங்கினார். மெஷின் அலமாரி மேல் தட்டிலேயே இருக்கிறது.

10 நவம்பர், ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படி நிலையில் வந்து நின்றார்.

"பாத்தேன் சொர்ணம்."

"எதை?"

"அந்தப் பிள்ளை போட்டோவை."

கேட்டில் போனை எடுக்கும்போது முதல் நாளே பார்த்தாராம். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

பக்கத்துக் கம்பெனியில் போன வருஷம் ஷெட் வெடித்து, போர்மேன் சின்னச்சாமி போய்விட்டார். கேதத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். இவர் அதைச் சொன்னார். "அவன் மக வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவுக செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியா எடுத்து வச்சுக்கிட்டிருந்தா, பாத்தியா? அப்பா செருப்பைத் தேடுதான்னு நெனச்சேன். இந்தப் பிள்ளை ஏற்கனவே ஒரு தடவை யாருமில்லாம நிக்குது. நான் கூட்டியாந்து வச்சு, நாளைக்கு நானும் அப்படிப் போயிட்டேன்னா? ரெண்டாந்தடவையும் அது நிக்கணுமா?"

நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். "அப்ப இந்த ஊர்ல ஒருத்தரும் பிள்ளை பெத்துக்கிடக் கூடாது. அப்படித்தான? நீங்க போயிட்டா நான் இருக்க மாட்டேனா? உங்க கணக்குல நான் ஒரு ஆளாவே இல்லையா?"

அதை அவர் யோசித்தே பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு நானே கேட்டேன். "முகம் எப்படி இருந்துச்சு?"

"ரெட்டைச் சடை. மஞ்சக் கவுனு. போட்டோ எடுக்கிறவுகளைப் பாக்காம வேற எங்கயோ பாத்துக்கிட்டிருந்தா."

28 நவம்பர்

பேச்சு வார்த்தை இல்லை. சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார்.

மத்தியானம் பாண்டிலட்சுமி மேடம் போன் பண்ணி, "சார் வந்து உங்க நம்பரா மாத்திக் கொடுத்துட்டாக, சும்மா சரிபார்க்கக் கூப்பிட்டேன்" என்றார். இவர் பஸ் ஏறிச் சூலக்கரைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு அப்பளம் கூடப் பொரித்தேன்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

மெஷினை இறக்கினேன். இவர் சாக்லேட் கிண்டித் தந்தார், கட்டி தட்டாமல். கேட்காமலே பிரிட்ஜில் இடம் ஒதுக்கி வைத்தார்.

மஞ்சள் கவுன் இப்போது யார் வீட்டிலோ இருக்கும். போட்டோவில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? அந்த வீட்டு அம்மா கெட்டிக்காரியாக இருக்கட்டும். கோபக்காரியாக இல்லாமல் இருக்கட்டும். அவளுக்கு இனிப்புப் பிடிக்குமோ என்னவோ. எனக்கு அது தெரியாமலே போய்விடும்.

11 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் துணி காயப் போடும்போது மெசேஜ் வந்தது. அனுப்பிரியா. ஐந்து வயது. கிராப்பு வெட்டிய தலை, கேமராவை முறைத்துக்கொண்டு ஒரு பார்வை. எனக்குப் பிடித்துவிட்டது அந்த முறைப்பு.

ஆட்டோ பிடித்து நேரே நாரணாபுரம். கேட்டில் வாட்ச்மேன் சீனிச்சாமி அண்ணன் மறித்துவிட்டார். "அம்மா, போனைப் பெட்டியில போட்டுட்டுப் போங்க." போனுக்குள்தானே பிள்ளை இருக்கிறாள், எப்படிப் போடுவேன்? அவரை வெளியே கூப்பிடுங்கள் என்றேன். வெயிலில் நின்றேன். செருப்பு மாற்றிப் போட்டிருந்தேன், அதையும் அங்கேதான் பார்த்தேன்.

இவர் வந்தார். முழங்கை வரை அலுமினியப் பவுடர், வெள்ளிக் கை. கழுவாமல் போனைத் தொடக் கூடாது. நான் தூக்கிப் பிடித்தேன். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி சின்னச்சாமி மகள் இவர் கண்ணுக்குள் வந்துவிட்டாளோ?

"பயம் போகலை சொர்ணம்" என்றார்.

"தெரியும்."

"நீயே அமுக்கு."

சம்மதம் என்று அமுக்கினேன். சீனிச்சாமி அண்ணன் என்ன ஏது என்று தெரியாமலே எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

9 மார்ச்

அவள் இருக்கும் இல்லத்துக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே உள்ள பிள்ளைகள் எல்லாருக்குமாக மூன்று தடவை மெஷின் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மற்ற பிள்ளைகள் அங்கேயே தின்றுவிட்டார்கள். அனு மட்டும் குச்சியோடு கவுன் பையில் போட்டுக்கொண்டாள். சாக்லேட் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னதற்கு அதே முறைப்பு. "உன்னய மாதிரியே இருக்கா" என்றார் இவர்.

28 மார்ச்

வீட்டில் இருக்கிறாள்.

இதை எழுதிவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறாள்.

6 ஏப்ரல்

பங்குனிப் பொங்கலுக்கு யோகேஸ்வரி அக்கா பட்டுப் பாவாடை எடுத்து வந்தாள். இடுப்பில் நிற்கவில்லை. "பிள்ளை ரொம்ப மெலிஞ்சு கெடக்கு, நீ என்னத்தப் போடுத?" என்று என்னையே வைதாள். பிறகு தானே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

13 ஏப்ரல்

படுக்கை விரிப்பில் எறும்பு. தலையணையைத் தூக்கினால் மூன்று கேக் பாப், பாதிச் சப்பாத்தி, கறுத்துப்போன ஒரு வாழைப்பழம். அனு வாசலில் நின்று நான் என்ன செய்வேன் என்று பார்த்தாள். வைது விடுவேன் என்று நினைத்திருப்பாள். என் வாய் அப்படி, அதற்குள் தெரிந்துகொண்டிருப்பாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று எடுத்துக் கொடுத்தேன். "இதுல வச்சுக்கோ. எறும்பு வராது." மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"நாளைக்கும் உண்டா?"

"உண்டு."

நம்பவில்லை. நான் எப்படி நம்ப வைப்பது? நாளைக்கும் செய்ய வேண்டியதுதான்.

4 மே

தினம் டப்பா நிறைகிறது. தினம் கேட்கிறாள், நாளைக்கும் உண்டா என்று. தினம் உண்டு என்கிறேன். இவரிடமும் ஒரு கேள்வி: "கம்பெனிக்குப் போயிட்டு வந்துருவீகளா?" இவர் சட்டைப் பித்தானைப் போட்டபடியே நிற்கிறார். பிறகு, "வந்துருவேன்" என்கிறார். வாசல் வரை போய்த் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் போகிறார். அதற்கு மேல் அவராலும் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

22 ஜூன், ஞாயிறு

போன வாரம் சூலக்கரையில் ஆட்சியர் உத்தரவு கையில் கிடைத்தது. அனுப்பிரியா, தகப்பனார் நவநீதகிருஷ்ணன், தாயார் சொர்ணலட்சுமி. இவர் அதை லேமினேஷன் பண்ண வேண்டும் என்று குதிக்கிறார்.

இன்று மத்தியானம் மெஷின் போட்டேன். அனு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கையில் இருந்ததை அப்படியே தட்டில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

பாதி கேக் பாப். பல் பதிந்த இடம் தெரிகிறது. சாமான் வீணாவதை நான் பொறுக்கிறவள் இல்லை. இவர் எடுத்து வாயில் போடப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். "வைங்க. அவ வந்து தின்னுவா."

அவள் அறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே தின்பதற்கு ஒன்றும் இல்லை, நாலைந்து கலர் பென்சில் கிடந்தது.

சாயந்திரம் ஆகிவிட்டது. தெருவில் அவள் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. அந்தப் பாதியை மறந்தே போய்விட்டாள்.