கோட்டாற்று மட்டை

இன்று காலையில் எதிர்ப்பக்கத்து மில்லில் நெல் அவித்தார்கள். மணம் ஜன்னல் வழியாக வந்து என் கட்டில் வரைக்கும் நின்றது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். "சாத்தாத, கெடக்கட்டும்" என்றேன். அவளுக்கு அது நாற்றம். எனக்கு உங்கள்மேல் உள்ள கோபம் முழுவதும் அந்த மணத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. செத்துப்போனவரிடம் கோபம் வைக்கக் கூடாது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் இருக்கும்போதே தொடங்கிய கோபம் இது. நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக அதை நான் எங்கே கொண்டு வைப்பது? அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருக்கும். பிழை பிடிப்பது உங்களுக்குப் பிடித்த வேலைதானே, பிடித்துக்கொண்டிருங்கள்.

ஆவணியில் நமக்குக் கல்யாணம். எனக்குப் பதினைந்து. நீங்கள் நாகர்கோவிலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தீர்கள். கன்னிப்பூ நெல் அறுவடை முடிகிற சமயத்தில் உங்கள் ஹாக்கிப் பந்தயங்கள் தொடங்கின. கல்யாணம் கழிந்து எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. உங்கள் இலையில் பருப்பும் நெய்யும் விழுந்தது. அடுத்த குழம்பு வருமுன் வாசலில் சைக்கிள் மணி. கோட்டாற்றுக்காரர்! உங்கள் உயிர்க் கூட்டாளி, அணியில் கோல் காக்கிறவர். இறங்கக்கூட இல்லை, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கத்தினார்.

"ஏலே மக்கா, இன்னுமா திங்கிய? அங்க பத்து பேரு வெயில்ல நிக்கானுவ!"

நீங்கள் எழுந்து கை கழுவினீர்கள். என் அப்பா நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். "இன்னா வந்திருதேன் மாமா" என்றீர்கள். விளக்கு வைத்த பிறகு முழங்காலில் துணிக்கட்டோடு வந்தீர்கள். அன்று என் இலையில் பாயசம் விளம்பவில்லை. "மாப்பிள குடிக்காம பெண்ணுக்கு என்னட்டி பாயசம்" என்று என் சித்தி பாத்திரத்தை உள்ளே கொண்டு போய்விட்டாள். அறுபது வருடம் ஆகப் போகிறது. அந்தப் பாயசம் அடைப்பிரதமன் என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வருடம் உங்கள் அணிக்கு மட்டைதான் பஞ்சம். சென்னையிலிருந்து வர வேண்டிய மட்டைகள் வரவில்லை. இருந்த மட்டையும் கட்டாந்தரையில் அடித்து அடித்துப் பிளந்துவிட்டது. ஆசாரியிடம் பூவரசங்கம்பு செதுக்கி வாங்கினீர்கள். ஆனால் கம்பின் கால் வளைய வேண்டுமே? ஆவியில் வேகவைத்தால் மரம் வளையும் என்று யாரோ சொல்ல, நம் வீட்டில் நெல் அவிக்கிற செம்பு அண்டாவைக் கேட்டு வந்தீர்கள். மாமி தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"நெல்லு அவிக்க அண்டாவுல கம்ப அவிக்கணுமாம்! வெந்தா திம்பியாலே?"

"ரெண்டும் ஒண்ணா வேகட்டும்மா. நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

அண்டாவுக்குத் தீ போடுகிற வேலை புதுப்பெண்ணான எனக்கு. நீங்களும் கோட்டாற்றுக்காரரும் முற்றத்தில் இரண்டு முளை அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். அவர் கையில் அவருடைய அப்பாவின் சட்டைப்பைக் கடிகாரம். "அரை மணி ஆச்சு, எடுலே" என்பார். நீங்கள் எடுத்து முளைக்கு இடையில் கொடுத்து இழுப்பீர்கள். படார் என்று ஒடியும். முதல் கம்பு ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவதுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார், அதுவும் ஒடிந்தது. மிச்சம் பன்னிரண்டு கம்பு. பாளையங்கோட்டைக்காரர்கள் பந்தயத்துக்கு வர நாலு நாள்தான் இருந்தது.

நீங்கள் தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தீர்கள். முகம் செத்துப்போயிருந்தது. அன்றுதான் நானாக உங்களிடம் முதன்முதலில் வாய் திறந்து பேசினேன்.

"கடியாரம் பாத்தா ஆகாது. நெல்லு வாய் தொறக்கட்டும். அதுக்குப் பொறவு எடுங்க."

"ஒனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"எங்க வீட்டுல அவிக்குற நெல்லுக்குள்ள அகப்பைய மறந்து போட்டுட்டேன். நெல்லு வெடிச்ச பொறவு எடுத்தா காம்பு பாம்பு மாதிரி வளையுது. அம்மைக்கிட்ட அடியும் வாங்கினேன்."

நீங்கள் சிரித்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது. சொம்பை வைத்துவிட்டு ஓடினீர்கள். அடுத்த கம்பு நெல்லின் உமி பிளந்து வெள்ளை தெரிந்த பிறகுதான் வெளியே வந்தது. ஒரு முனகல்கூட இல்லாமல் வளைந்தது. கயிற்றால் கட்டி நிழலில் போட்டீர்கள். பன்னிரண்டும் வளைந்தன. தீ முழுவதும் நான் போட்டது. நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, "இப்பம்" என்று கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னதும் நான். நீங்கள் அதையே முற்றத்தில் சத்தமாகச் சொன்னீர்கள். கோட்டாற்றுக்காரர் இழுத்தார்.

மறுநாள் அவர் கல்லூரியில் போய் நெல்லின் கணக்கை எல்லாருக்கும் விளக்கியிருக்கிறார். அவ்வளவுதான், அதற்குக் 'கோட்டாற்று மட்டை' என்று பெயர் விழுந்துவிட்டது.

பந்தயம் பார்க்க வரட்டுமா என்று உங்களிடம் கேட்டேன். "பொம்பளைங்க வாற எடமா அது?" என்றீர்கள். அங்கே ஒரு துரைசானி குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாளாம். நீங்களே வந்து என்னிடம் சொன்னீர்கள், அவள் கை தட்டினாள் என்று. நான் அவித்த கம்பு பந்தை அடித்த சத்தம் அவள் காதில் விழுந்தது. என் காதில் விழவில்லை.

பாளையங்கோட்டைக்காரர்களை ஜெயித்தீர்கள். நம் வீட்டிலேயே விருந்து. நாற்பது இலை. உங்கள் ஆசிரியர் எழுந்து நின்று, இந்த வெற்றி கோட்டாற்று மட்டையின் வெற்றி என்று பேசி அவருக்கு மாலை போட்டார். நான் அவியல் பாத்திரத்தோடு அடுக்களை நடையில் நின்றேன். இப்போது சொல்வார் என்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். "எம் பெண்டாட்டிதான் சொன்னா" என்று நாலு வார்த்தைகூட இல்லை, மூன்றே வார்த்தை. நீங்கள் கை தட்டினீர்கள். எல்லாரையும்விடச் சத்தமாக.

பிறகு திருவனந்தபுரத்தில் கடைசிப் பந்தயத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றீர்கள். கோட்டாற்றுக்காரரின் காலுக்கு இடையில் பந்து போய்விட்டது என்றீர்கள். நீங்கள் சோறு தின்னவில்லை. நான் வயிறு நிறையத் தின்றேன்.

அணியில் மற்றவர்கள் வேலை, குடும்பம் என்று போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை. சனிக்கிழமை தவறாமல் சைக்கிள் மணி. நமக்கு மூத்தவன் உண்டான செய்தியை உங்களிடம் காலையில் சொன்னேன். மாமிக்குச் சொல்லலாமா என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க, சாயங்காலம் அவர் வாசலில் நின்று "மாங்கா வேணுமாம்மா?" என்று கேட்டார். நிலம் விற்க யோசித்தாலும் அவருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்பதே அவர் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேறு பெண் ஒருத்தி என்றால் சண்டை போடலாம், ஊரைக் கூட்டலாம். கோல் காக்கிறவரை என்ன செய்ய?

நீங்கள் போன நாலாம் நாள் அவர் துட்டி கேட்க வந்தார். ஊன்றுகம்போடு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. வாசலில் உட்கார்ந்து அழுத அழுகை இருக்கிறதே, என் அழுகையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான், பொய் சொல்ல மாட்டேன். அழுது முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அம்மா, ஒரு பாவம் நெஞ்சுல கெடக்கு. அந்த மட்டை... நெல்லு வாய் தொறக்குற கணக்கு நான் கண்டுபிடிச்சதில்ல. அவன் கண்டுபிடிச்சது. ஊரு எம் பேரச் சொன்னப்பம் நான் வாய மூடிட்டேன். அவனும் விட்டுக்குடுத்துட்டான். ஒருநாளும் அதக் கேக்கல்ல. நீங்கதான் மன்னிக்கணும்."

 நான் சொன்னேன்.

"அது அவரு கண்டுபிடிச்சதும் இல்ல. நான் சொன்னது. அடுக்களையில வச்சு."

முதலில் அவருக்குப் புரியவில்லை. அகப்பைக் காம்பு வளைந்த கதையைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று "இப்பம்" என்றதைச் சொன்னேன். அவர் ஊன்றுகம்பைத் தரையில் வைத்தார்.

"நெசமாவா? எங்கிட்டச் சொல்லல்லியே அவன்." மறுபடியும், "எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லல்லியே."

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த முகம் பழக்கம். கண்ணாடியில் எத்தனையோ சனிக்கிழமை பார்த்திருக்கிறேன்.

ஊர் முன்னால் என்னைச் சொல்லாமல் கை தட்டினீர்களே, அதை நான் விடுவதாக இல்லை. ஆனால் இந்த எட்டு மாதமாக வேறொன்று கிடந்து குடைகிறது. எல்லாவற்றையும் கொண்டுபோய் அவரிடம் கொட்டின மனுஷன், இதை மட்டும் ஏன் கொட்டவில்லை? பெண்டாட்டி சொல் கேட்டதாகச் சிரிப்பார்கள் என்ற வெட்கமா? இல்லை, எனக்கும் உங்களுக்கும் மட்டும் ஒன்று இருக்கட்டும் என்று வைத்தீர்களா? கேட்க ஆளில்லை. எனக்கு வேண்டியதை நானே எடுத்துக்கொண்டேன். நீங்கள் மறுக்க வர முடியாது.

போன சனிக்கிழமையும் அவர் வந்தார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"வேற என்னெல்லாம் அவன் எங்கிட்டச் சொல்லல்ல?"

"நெறைய இருக்கு" என்றேன்.

ஒன்றுமே இல்லை, உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கோட்டாறு போய்ச் சேரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே போகட்டும்.