அம்மா வீடு என்ற கட்டம்

என் அவசரக்கார அம்மாவுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. அத்தா இன்னும் காலையில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு முழிக்கிறார். உன் ஸ்கூட்டியை விற்க எனக்கு மனம் வரவில்லை.

சுகாதாரச் செவிலியராக ராஜபாளையத்தில் நீ அந்த வண்டியில் சுற்றாத தெரு உண்டா? சாயங்காலம் அய்யனார் கோவில் அருவிக்கு என்று என்னை ஏற்றிக்கொண்டு கிளம்புவாய். பாதி வழியில் வண்டி, ஒடிசாத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மில் லைன் வீடுகளுக்குத் திரும்பிவிடும். "செத்த நேரந்தான், பிரஷர் மட்டும் பாத்துட்டு வாரேன்" என்பாய். ஒரு மணி நேரமாகும். நான் வாசலில் ஒடிசாப் பிள்ளைகளோடு கல்லாங்காய் ஆடிக்கொண்டிருப்பேன். உன்மேல் எவ்வளவு கோபம் வரும் தெரியுமா? இப்போது அப்படி ஒரு தரம் காத்திருக்க ஏங்குகிறேன்.

சரி, சேதிக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் இறங்கினாள். மில்லில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரி, பெயர் மினதி. கணவன் தன் தகப்பனின் சாவுக்கு ஊருக்குப் போயிருந்தான். "வலி" என்றாள். நீ எழுதிக் கொடுத்த கர்ப்பிணி அட்டையை நீட்டி, அதில் விரல் வைத்துக் காட்டினாள்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கமல்லவா? அதற்காக அட்டையில் அம்மா வீட்டு முகவரிக்கும் ஒரு கட்டம் பேனாவால் வரைந்திருந்தாய். மினதியின் கட்டத்தில் நம் வீட்டு முகவரி! அத்தாவிடம் கேட்டேன்.

"ஒடிசாப் புள்ளைய அம்புட்டு பேருக்கும் இப்படித்தான் எழுதுனா. தப்புன்னேன், கேட்டாத்தானே?"

தப்புதான் அம்மா. சர்க்கார் காகிதத்தில் பொய் எழுதலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பிரஷர் எகிறிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்கள். மினதி மாட்டேன் என்று அழுதாள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார், ஆனால் தமிழில். அவளுக்கு என்ன புரியும்? நான் கையோடு வைத்திருக்கும் உன் போனை எடுத்துத் தேடினேன். மில் லைனில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு பெண்ணின் எண் அதில் இருந்தது. அவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவள் ஒடியாவில் பேசப் பேச மினதியின் அழுகை அடங்கியது. கடைசியில் சரி என்று தலையசைத்தாள்.

"நீங்க யாரும்மா? இந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார்.

"அக்கா" என்றேன். ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்த எனக்கு அந்த வார்த்தை எப்படி வந்ததோ!

பெண் குழந்தை. இருவரும் நலம். பிழைக்கப் போனவர்களும் அகதிகளாய்ப் போனவர்களும் உலகமெங்கும் எத்தனை ஆஸ்பத்திரிகளில் வலியைச் சொல்லத் தெரியாமல் படுத்திருக்கிறார்களோ? அவரவர் பாஷையில் பேச ஓர் ஆள் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். இங்கே ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் செவிலியர் நேற்று வீட்டுக்கு வந்தார். இன்னும் நான்கு பேரின் அட்டையில் நம் முகவரி இருக்கிறதாம். "திருத்திரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எந்நேரம் வந்தாலும் கதவைத் திறக்க நான் இருப்பேன் அம்மா.

இப்படிக்கு,
நசீமா
உன் மூத்த மகள்