அண்ணன் குரலில் வந்த பாடங்கள்

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

'வந்துவிட்டேன். கைப்பேசியை எப்போதாவதுதான் கையில் தருவார்கள். மின்னஞ்சல் போடு' என்று நீ எழுதிய ஒற்றை வரி கிடைத்தது. ஆகவே துண்டு துண்டாகச் செய்தி தட்டாமல், பெரிய மனிதர்களைப் போல முழுக் கடிதமே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் பொறுமை இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இது பிடித்திருக்கிறது.

அம்மா நலம். சலவைக்கடையில் புது இஸ்திரிப் பெட்டி வந்திருக்கிறது. அதைவிட முதலாளிதான் சீக்கிரம் சூடாகிறார் என்கிறாள். துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "என் பையன் குரலைக் கேட்டே வெளிநாட்டுல வேலை குடுத்துட்டாங்க, தெரியுமா?" என்று சொல்கிறாளாம். உண்மைதானே? அந்தக் கம்பெனிக்காரர் நம் குழுவுக்கே எழுதி, உன் பாடங்களைக் கேட்டதாகவும், இப்படி நிதானமாகப் பேசுகிற ஆள்தான் தங்கள் வாடிக்கையாளர் சேவைக்குத் தேவை என்றும் சொன்னாரே. அந்த வரியை அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

பெரியவர்களுக்குக் கணினி சொல்லித்தர நீ தொடங்கி, என் தலையில் கட்டிவிட்டுப் போன 'தட்டிப்பார்' குழுவின் ஞாயிறு இணைய வகுப்பை நடத்தி முடித்துவிட்டேன். பத்தாம் வகுப்புக்காரி தலைவியா என்று யாரும் சிரிக்கவில்லை. லாரி மாமா மட்டும், "தலைவி, இந்த மவுஸை லேசா தொட்டாலே அம்பு ரோட்டை விட்டு இறங்கி ஓடுது. பிரேக் எங்க இருக்கு?" என்றார். அத்தனை வருடம் லாரி ஓட்டிய கை, மவுஸையும் ஸ்டியரிங் போல இறுக்கிப் பிடிக்கிறது. அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நர்ஸம்மா வழக்கம்போல முதல் ஆளாக வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் உன் பதிவுகளைத்தான் போடுகிறேன். "பதறாதீங்க, தட்டிப் பாருங்க, ஒண்ணும் உடையாது" என்று நீ தொடங்கியதும் திரையில் உள்ள சின்னக் கட்டங்களில் ஒவ்வொரு முகமாக இளகுகிறது. ஒருமுறை அதையே நான் சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா, எதாவது உடைஞ்சிடுச்சா?" என்று நர்ஸம்மா பயந்துவிட்டார்.

அம்மாவிடம் ஒருமுறையாவது பேசு. சாப்பாடு எப்படி, அறை எப்படி என்று விவரமாக எழுது. 'ம்' என்று எழுதினால் ஏற்கமாட்டேன்.

உன் அன்புத் தங்கை
(புழு என்று கையெழுத்துப் போட மாட்டேன்)


ஜூன் 21

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். லாரி மாமாவின் பிரேக்கை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

அறையில் எட்டுக் கட்டில்கள். ஜன்னல் இருக்கிறது, திறக்காது. குளிரூட்டி ஓடிக்கொண்டே இருப்பதால் எனக்குச் சளி. வேலை பேசுவதுதான், நாள் முழுவதும் பேசுகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்.

குழு நடத்துவது பற்றி இரண்டு விஷயம். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களிடம் 'ஏன் போன வாரம் வரலை?' என்று கேட்காதே. 'அடுத்த வாரம் எதை எடுக்கிறீங்க?' என்று கேள். இரண்டாவது, உறுப்பினர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துப் பார். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அதில் இருக்கிறது.

எல்லோரும் எதுவரை வந்திருக்கிறார்கள்? கைப்பேசியிலேயே வங்கி வேலை பார்க்கும் அளவுக்கு யாராவது தேறிவிட்டார்களா? எழுது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

உன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் துள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். தேறிவிட்டார்கள்! அதுவும் யார் என்று நினைக்கிறாய்? நர்ஸம்மா!

ஓய்வூதியம் வருகிற நாளில் முட்டி வலியோடு வங்கி வரிசையில் நிற்பாரே, இனி அது இல்லை. மின்சாரக் கட்டணத்தைத் தன் சமையலறையில் உட்கார்ந்தபடியே கட்டினார். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் செய்து காட்டச் சொன்னேன். கடைசிப் பொத்தானை அமுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்து, "போயிடுச்சும்மா! சரியான இடத்துக்கே போயிடுச்சு!" என்றார். எல்லோரும் கைதட்டினோம். ஓய்வு பெறும்போது வந்த பணத்தை அப்படியே அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறாராம். "இனிமே என் காசுக்கு நானே காவல்" என்று பெருமையாகச் சொன்னார். சமைக்கும்போதுகூட உன் பாடத்தை ஓடவிட்டுக் கேட்பாராம். வீட்டில் பேச ஆள் இல்லை, உன் குரல் துணை என்கிறார்.

எக்செல் சொல்லித்தரும் கல்லூரி அக்கா விலகுவதாகச் சொன்னார். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, "அடுத்த வாரம் எதை எடுக்கிறீங்க, அக்கா?" என்று கேட்டேன். "உங்க அண்ணன்தானே இப்படிக் கேக்கச் சொன்னான்?" என்று சிரித்தார். விலகவில்லை.

உன் சளி எப்படி இருக்கிறது? அம்மா அதைக் கேட்டு எழுதச் சொன்னாள். அவளே நேரடியாகக் கேட்க இன்னும் உன் அழைப்பு வரவில்லை.

உன் அன்புத் தங்கை


ஜூலை 15

அண்ணா,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். ஆகையால் 'அன்புள்ள' கிடையாது.

நர்ஸம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். "உங்க அண்ணன் பேசுச்சும்மா!" என்றார், முகமெல்லாம் வெளிச்சமாக. "பாடத்துல பேசுற மாதிரியே அரை மணி நேரம் எவ்வளவு பொறுமையா பேசுச்சு! வங்கி கணக்குல ஏதோ சரிபண்ணணும்னு சொல்லிச்சு. ஏதோ ஆப் அனுப்பி அதுல என் திரையைக் காட்டச் சொல்லிச்சு, காட்டினேன். அதுவே பாத்துப் பண்ணிக் குடுத்துச்சு."

அம்மா தினமும் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இஸ்திரி போடுகிறாள். பெற்றவளுக்கு ஓர் அழைப்பு இல்லை, நர்ஸம்மாவுக்கு அரை மணி நேரமா? அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீயே யோசித்துக்கொள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவ்வளவு தூரம் போயும் நம் ஆட்களை மறக்கவில்லையே என்று உள்ளூர எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

தங்கை


ஜூலை 17

அண்ணா,

நர்ஸம்மாவின் கணக்கில் ஒன்றும் இல்லை.

இன்று பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்துவிட்டு, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல இருக்கும்மா" என்றார். "தம்பிகிட்ட மட்டும் சொல்லாத. அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்குடுத்துச்சு. கேட்டா வருத்தப்படும்."

எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று பார்த்தேன்; தெரியாத எண். பிறகு வங்கியிலிருந்து வந்த செய்திகளைப் பார்த்தேன். அவர் திரையைக் காட்டிக்கொண்டிருந்த அந்த அரை மணிக்குள்தான் எல்லாம் போயிருக்கிறது.

உன்னைப் போல யாரோ பேசியிருக்கிறார்கள், அப்படித்தானே? இப்போது குரலைக்கூடச் செய்துவிடுகிறார்களாமே. அதைத்தான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அது நீயா?

தங்கை


ஜூலை 26

புழுவுக்கு,

நான்தான்.

பக்கத்துக் கட்டில்காரரை அவர் வீட்டார் எப்படியோ மீட்டுவிட்டார்கள். இந்தத் தாளைக் காலருக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போகிறார். வெளியே தபாலில் போடுவார். உன் மின்னஞ்சல்களை எனக்கு முன்னால் அவர்கள் படிக்கிறார்கள். நம் மொழி தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஜூன் மாதம் நான் எழுதியதில் வங்கி வேலை பற்றிய அந்தக் கேள்வி அவர்கள் எழுதச் சொன்னது. நீ நர்ஸம்மாவைப் பற்றி எழுதிய பதிலை என்னையே எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வைத்தார்கள்.

இது கம்பெனி இல்லை. வாசலில் துப்பாக்கியோடு ஆட்கள். பேசி ஏமாற்றிப் பணம் பிடுங்க வேண்டும்; அன்றைய அளவை எட்டாதவர்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போவார்கள். கட்டில்காரருக்கு அங்கே போய்வந்ததிலிருந்து ஒரு காது கேட்பதில்லை. நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன். அதை எழுதமாட்டேன்.

நர்ஸம்மாவின் எண் மட்டும்தான் என் நினைவில் இருந்தது; இப்போது நம் குழுவின் மொத்தப் பட்டியலையும் கேட்கிறார்கள். பெயர், எண், குறிப்புகள், எல்லாம். ஆகஸ்ட் பத்துக்குள் வந்தால் என்னை விட்டுவிடுவார்களாம். நம்புகிறாயா என்று கேட்காதே. நம்பாமல் எப்படி இருப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நம் ஆட்களுக்குப் போவது பணம்தான். நான் வந்து ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்று அந்தக் கடனைத் தீர்க்கிறேன். என் வாழ்நாள் முழுக்கத் தீர்க்கிறேன்.

அனுப்பிவிடு. யோசிக்காதே. நீ யோசிப்பாய் என்பதுதான் எனக்குப் பயம்.

அண்ணன்


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் போட முடியாது. தபாலில் போட முகவரி இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் தாளை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. காவல் நிலையத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர்தான். நாற்காலி போட்டார், முழுவதும் படித்தார். "வெளிநாட்டு விவகாரம்மா. மேல அனுப்புறோம். உடனே நடக்கும்னு எதிர்பாக்காதீங்க" என்றார்.  அம்மா வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "குடுத்துடு" என்றாள்.

"அம்மா, அவங்க எல்லாம்…"

"அவங்க காசு போனா சம்பாதிச்சுக்குவாங்க. எனக்கு இன்னொரு புள்ளையை யார் சம்பாதிச்சுக் குடுப்பா? படிச்சவதானே நீ, சொல்லு."

நான் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். 

பட்டியலைத் திறந்தேன். அனுப்பத்தான் திறந்தேன், அண்ணா. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். உன் மின்னஞ்சல் முகவரியைக்கூடத் தட்டிவிட்டேன். பிறகு உன் குறிப்புகள் கண்ணில் பட்டன. 'லாரி மாமா: எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவசரப்படுத்தினால் எதற்கும் சரி என்பார்.' 'தையல்கடை அக்கா: புரியாவிட்டாலும் புரிந்தது என்பார்.' 'நர்ஸம்மா: பாராட்டினால் போதும், எதையும் செய்வார்.' யாரும் வெட்கப்படாமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீ பார்த்துப் பார்த்து எழுதியவை. ஒவ்வொருவரையும் எங்கே தட்டினால் திறப்பார்கள் என்று அதிலேயே இருந்தது. பணம் மட்டும்தான் போகும் என்று எழுதியிருந்தாய். நர்ஸம்மா இப்போது வாசல் கதவைக்கூடத் தானாகத் திறப்பதில்லை. நான் போய்க் குரல் கொடுத்தாலும், யார் யார் என்று மூன்று முறை கேட்கிறார்.

முதலில் ஒவ்வொருவரையும் நானே அழைத்தேன். "அண்ணன் பேசினா வெச்சிடுங்க. என்ன சொன்னாலும் வெச்சிடுங்க. அழுதாலும்" என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கல்லூரி அக்கா, "நீ தனியா இதைச் செய்யாதே, பாதிப் பேரை நான் கூப்பிடுறேன்" என்றார். லாரி மாமா, "பயப்படாத தலைவி, அவனுங்களுக்கும் சேத்துக் கேக்குற மாதிரி நாலு வார்த்தை திட்டிட்டுதான் வெப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து அவரே திரும்ப அழைத்தார். "இல்லம்மா, திட்டமாட்டேன். அங்க அவனை அடிச்சிடுவானுங்க" என்றார். நர்ஸம்மாதான், "அந்தப் புள்ளை அழுதா நான் எப்படிம்மா வெப்பேன்?" என்று கேட்டார். அவர் கைப்பேசியில் தெரியாத எண்கள் வராதபடி நானே செய்துகொடுத்தேன்.

பிறகு பட்டியலை அழித்தேன். திரும்ப மீட்க முடியாதபடி ஒன்றை எப்படி அழிப்பது என்பது உன் பாடங்களில் ஒன்று. உன் குரலைக் கேட்டு, நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். அது முடிந்ததும் உன் பாடங்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் பாடத்தை நான் எடுத்தேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பாதிப் பேர் வரவே இல்லை.

நேற்று மத்தியானம் அம்மாவின் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எத்தனையோ வாரமாக அவள் இடுப்பிலேயே காத்திருந்த அழைப்பு. எடுத்தாள். நான் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் நின்ற விதத்திலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாயோ, தலையைத் தலையை ஆட்டினாள். "சளி விட்டுச்சா?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்கிட்ட பேசணுமாம்" என்று என்னிடம் நீட்டினாள்.

ஈரக் கையோடு வாங்கினேன். நீ மூச்சு விடுவது கேட்டது. பட்டியல் இப்போது இல்லைதான். ஆனால் எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். என் ஞாபகசக்தி உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை பேசினால் சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. "தங்கச்சி" என்றாய். நான் துண்டித்துவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். அது மறுபடி அடிக்கவில்லை. அவள் என்னிடம் இன்னும் பேசவில்லை.

கெடு முடிந்து மூன்று நாள் கழித்து அழைத்திருக்கிறாய். அவர்கள் கேட்கச் சொன்னதைக் கேட்கத்தான் அழைத்தாய் என்று நேற்று நினைத்தேன். வேறு எதற்காகவாவது இருந்திருக்கலாம் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

உன் தங்கை,
புழு