விடிவெள்ளிக்கு நீ போட்ட சாக்பீஸ் குறி

அன்பு மச்சான் தேவராஜ்,

நீ போன பிறகு உனக்கு ஒரு சேதி வந்திருக்கிறது. நீ ஜெயித்துவிட்டாய். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். நீ இருக்கும்போது விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆம்பூர் தொழிற்சாலையில் வடக்கு ஜன்னலோரம் ஒரே மேசையில் இருபது வருஷம் நின்றோம். பதப்படுத்திய தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. மாடு உயிரோடிருந்தபோது முள் கிழித்து ஆறிய தழும்பு எது, செத்த பிறகு கத்தி பட்ட வெட்டு எது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாய். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் வானத்தையும் பார்த்தாய்.

பள்ளிகொண்டாவில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது கிழக்கே விடிவெள்ளி தெரிந்தால், உன் கையில் டீ ஆறிப்போகும். அதன் மேகத்தை ஊடுருவி ரேடார் எடுத்த படம் ஒருநாள் பேப்பரில் வந்தது. வெட்டிக்கொண்டுவந்து மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாய்.

"இன்னா மாப்ள, இவ்ளோ வயசான உருண்டை. கல்லு வுழுந்த தழும்பு எவ்ளோ கம்மி பாரு. பழசு மேல புதுத்தோல் போட்டிருக்கு. உள்ள இன்னும் நெருப்பு கக்குது. உயிரோட இருக்கு."

"புதுத்தோல் எப்பவோ போட்டிருக்கும். ஒரே போட்டோவ வெச்சி, இப்ப உயிரோட இருக்குன்னு எப்டி சொல்ற?" என்றேன்.

தரத்தில் ஒத்துப்போகாவிட்டால் நம் மேசையில் ஒரு வழக்கம் உண்டே. இரண்டு பேரும் சாக்பீஸால் குறி போட வேண்டும். தோற்றவன் தன் குறியைத் தானே உள்ளங்கையால் அழித்து, மற்றவன் குறிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். சுவரில் நீ 'உயிர்' என்று எழுதினாய். நான் 'செத்தது' என்று எழுதினேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, மூச்சு வாங்க வாங்க, "அழிச்சிட்டியா?" என்று கேட்டாய். "ரெண்டாவது போட்டோ கொண்டா, அழிக்கிறேன்" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

மச்சான், அந்த இரண்டாவது படம் இருந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விண்கலம் அங்கே ஒரே எரிமலையைச் சில மாத இடைவெளியில் இரண்டு முறை படமெடுத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. மலையின் வாய் அகன்று, உருவம் மாறியிருக்கிறதாம். நாம் சண்டை போட்டபோதே அத்தாட்சி எங்கேயோ கட்டாகக் கிடந்திருக்கிறது.

எப்பேர்ப்பட்ட இடம் அது. மேகமெல்லாம் தோல் பதப்படுத்த நம் டிரம்மில் ஊற்றுகிற அதே கந்தக அமிலம். பிரியாணி செய்கிற தேக்சாப் பாத்திரத்தை அங்கே தரையில் வைத்தால் ஈயப்பூச்சு வழிந்தோடிவிடும். போய் இறங்கிய கலங்கள் இரண்டு மணி நேரம் தாங்கியதே பெரிசு. சூரியன் மேற்கே உதிக்கிறது. ஏன் அப்படித் திரும்பிச் சுற்றுகிறது என்று இன்னும் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பேப்பர் துண்டை வைத்துக்கொண்டு நீ அதன் நாடியைப் பிடித்தாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சேதி சொன்னதும் உன் தங்கை மேரி அழுதாள். "அண்ணன் இருக்கசொல்லவே ஒத்துக்கினு இருக்கலாம் இல்ல?" என்றாள்.

மறுநாள் போய் என் குறியை அழித்தேன். உன் 'உயிர்' என்ற எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். உள்ளங்கையில் ஒட்டிய வெள்ளையைச் சாப்பாட்டு நேரம் வரை கழுவவில்லை.

அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை. நம் நாட்டிலிருந்தும் ஒரு கலம் போகப்போகிறதாம். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். உன் பெயரில் 'இருந்தது' என்று நானே சுவரில் எழுதிவிட்டேன். பக்கத்தில் என் குறி 'இல்லை'. இந்த முறையும் தோற்றேன் என்றால், அழித்த கையைக் கழுவாமல் நேரே உன் கல்லறைக்கு வருவேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மாப்பிள்ளை